பைக்குள் அடங்கும் ஜூம் கேமராவும் வெள்ளானூர் கும்பாபிஷேகமும்

போன ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூரிலிருந்து கிளம்பி கரையான்சாவடி, பருத்திப்பட்டு ஏரி, வெள்ளானூர் என்று சுற்றிவிட்டு, மதியம் திரும்பவும் கரையான்சாவடியில் போய் நின்றேன். எல்லாவற்றையும் கூட்டினாலும் அறுபது கிலோமீட்டர் தேறாது. இதையெல்லாம் பயணம் என்று எழுதப்போகிறாயா என்று என் கணவர் கேட்டார். ஊட்டிக்குப் போனவர்கள் எல்லோரும் எழுதிவிட்டார்கள், வெள்ளானூருக்குப் போனவர்கள்தான் இன்னும் எழுதவில்லை என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன்.

போன காரணம் என் வலது தோள்பட்டை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்ப்பது என் பிழைப்பு, ஏரி ஏரியாகப் போய்ப் பறவைகளைப் படம் எடுப்பது என் பைத்தியம். கேமராவும் நீள லென்ஸும் சேர்ந்து இரண்டரைக் கிலோ. இந்த வருஷத் தொடக்கத்தில் தோள் இறுகிப்போனது. தலை பின்ன முடியவில்லை, கொடியில் துணி போட முடியவில்லை, பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. எடை தூக்கக் கூடாது, பயிற்சியை மட்டும் விடாமல் செய்யுங்கள், மெல்லச் சரியாகும் என்றார் டாக்டர். சுவரில் விரல்களால் பல்லி மாதிரி மேலே ஏற வேண்டும், அதுதான் பயிற்சி. என் பல்லி தோள் உயரம் வரைக்கும் ஏறும். அதற்கு மேல் ஒரு முறை வலித்த வலியில் கண் இருட்டிவிட்டது, அப்புறம் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

பெரிய கேமராவை விற்றுவிடு என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். சமையலறையில் நின்று அழுதேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது? கடைசியாக ஒரு முயற்சி மட்டும் பாக்கி இருந்தது. சூப்பர்ஜூம் என்று சொல்கிறார்களே, கைப்பைக்குள் போகிற அளவில் இருந்துகொண்டு தூரத்துப் பறவையைப் பக்கத்தில் இழுத்துக் காட்டும் சின்னக் கேமரா, அதில் ஒன்று எனக்குத் தோதாக அமைந்தால் தொடர்வது. அமையாவிட்டால் லென்ஸ், முக்காலி எல்லாவற்றையும் விற்றுவிட்டு இந்த விளையாட்டுக்கே கும்பிடு போட்டுவிடுவது.

தேர்வுக்கு நாள் குறித்தவள் என் நாத்தனார் கஸ்தூரி. அவள் வாழ்க்கைப்பட்ட ஊர் வெள்ளானூர். புகுந்த வீட்டுக்காரர்கள் அங்கே தலைமுறைகளாக நெல் விளைத்தவர்கள், இப்போது ஆளுக்கொரு கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கிறார்கள். ஊர் அம்மன் கோயிலுக்கு அன்றைக்குக் கும்பாபிஷேகம். கலசத்தில் தண்ணீர் ஊற்றும் நேரத்தில் மேலே கருடன் வட்டமிட வேண்டும், வந்தால்தான் ஊருக்குத் திருப்தி. போன கும்பாபிஷேகத்தில் கருடன் வந்தபோது கூலிக்கு வைத்த போட்டோக்காரர் பந்தியில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். இந்தத் தடவை எங்க அண்ணி எடுப்பாங்க என்று கஸ்தூரி கோயில் கமிட்டியில் சொல்லிவிட்டாள். என் தோளைக் கேட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

காலை ஐந்து ஐம்பதுக்கு அம்பத்தூர் ஓ.டி.யில் பஸ் ஏறினேன். பெண்களுக்கு இலவசப் பேருந்து, செலவு பூஜ்யம். வேலப்பன்சாவடி வழியாகக் கரையான்சாவடிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம், ஞாயிறு காலை என்பதால் நாற்பது நிமிடத்தில் போய்விட்டது. வேலை நாளில் இதே தூரத்துக்கு ஒன்றே கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

மெயின் ரோட்டில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சேகர் பழைய கேமராக்களும் வாங்கி விற்பார். எனக்குப் பல வருஷப் பழக்கம். கடை மாடியிலேயே வீடு என்பதால் பல் விளக்கிக்கொண்டே இறங்கி வந்தார்.

"இன்னாக்கா, கோழி கூவறதுக்குள்ளயே வந்துட்ட? தோளு எப்டி கீது?"

"அப்படியேதான் கீது. இன்னைக்குக் கும்பாபிஷேகத்துல கருடனை வேற எடுக்கணும். புதுசு ஒண்ணும் வரலையா?"

"புச்சா எவன் செய்றான் இப்ப? அல்லாரும் போன்லயே எடுத்துகினு போறான். அதான் பழசுக்கு இம்மாங் கிராக்கி."

இரண்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒன்று அறுபத்தைந்து மடங்கு ஜூம், நல்ல பிடிமானம், முக்கால் கிலோ, விலை இருபத்திரண்டாயிரம். இன்னொன்று முப்பது மடங்கு, முந்நூறு கிராம், சட்டைப்பைக்குள் போகும், பதினாறாயிரம். என் கண் போனது பெரியதன்மேல்தான். எண் பெரிதாக இருந்தால் பொருளும் பெரிது என்று நினைக்கிற புத்தி நமக்கெல்லாம் உண்டு.

"ரெண்டையும் எட்த்துகினு போ. சாயங்காலத்துக்குள்ள இன்னான்னு சொல்லு. நாளிக்கி வேற ஒரு பார்ட்டி வருது" என்றார். இப்படி நம்பிக் கொடுக்க ஆள் கிடைத்தால் விடாதீர்கள். கடையில் நின்று சுவர்க் கடிகாரத்தை ஜூம் செய்து பார்த்துக் கேமரா வாங்கியவர்கள் எல்லோரும் பின்னால் வருத்தப்பட்டிருக்கிறார்கள்.

அங்கிருந்து ஆவடி பஸ்ஸில் ஏழு கிலோமீட்டர் வந்தால் பருத்திப்பட்டு ஏரி. ஏழு மணி சுமாருக்கு உள்ளே போனேன், நுழைவுச்சீட்டு பத்து ரூபாய். நடைப்பயிற்சிக்காரர்கள் கையை வீசி வீசி நடக்கிறார்கள். வீசுகிற கைகளைப் பார்த்தால் அப்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

முதலில் பெரியது. அடேயப்பா! நடு ஏரியில் மிதந்த கூழைக்கடாவின் கண்ணுக்குள் சூரியன் தெரிந்தது. பத்துப் பன்னிரண்டு படம் எடுப்பதற்குள் மனம் குதித்துவிட்டது, தோள்தான் குதிக்கவில்லை. முக்கால் கிலோ ஒன்றும் பெரிய எடை இல்லை, ஆனால் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி பறவைக்காகக் காத்திருக்க வேண்டுமே! கால் மணி நேரத்தில் தோளுக்குள் யாரோ திருகாணி முடுக்குவது போல ஆரம்பித்துவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டேன். இதுவும் போச்சு என்று அதைப் பைக்குள் வைத்தேன்.

அப்புறம் சின்னது. எடுத்த எடுப்பில் எரிச்சல்தான் வந்தது. வெயில் ஏறியதும் பின்பக்கத் திரையில் என் மூஞ்சிதான் தெரிந்தது. நல்லவேளை, மூலையில் கண் வைத்துப் பார்க்கும் ஒரு குட்டி ஜன்னல் உண்டு. ஆனால் முழு ஜூமில் ஒரு நாரையைப் பிடித்தால் அது ஒரு சிறகடிப்பில் படச் சட்டத்தைவிட்டு ஓடிவிடுகிறது, அப்புறம் வானம் முழுக்கத் தேடு தேடு என்று தேட வேண்டும். ஜூமைச் சுருக்கி, பறவையைக் கண்டுபிடித்து, மறுபடி நீட்டிப் பழகினேன். அரை மணியில் ஓரளவு கை வந்தது. படத்தின் தெளிவு பெரியதற்கு ஒரு படி கீழேதான். மனசு பெரியதைக் கேட்டது, தோள் சின்னதைக் கேட்டது.

ஆவடியிலிருந்து வெள்ளானூருக்கு ஆட்டோ. ஏழு கிலோமீட்டருக்கு இருநூறு ரூபாய் பேசினேன். ஏறி உட்கார்ந்து பெரிய கேமராவை எடுத்து லென்ஸைத் துடைத்தேன். தெரியாமல் பட்டனை அழுத்திவிட்டேன், லென்ஸ் சர்ரென்று முன்னால் நீண்டது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துத் திடுக்கிட்டார்.

"அது இன்னாம்மா, துப்பாக்கி மாதிரி நீட்டுது?"

"கேமராப்பா. கும்பாபிஷேகத்துல கருடனைப் படம் பிடிக்கப் போறேன்."

"கருடனையா? அவரு நிப்பாரா உனக்கு?" என்று சிரித்தவர், இறங்கும்போது கூட்டத்தைக் காட்டி மேலே இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார். நல்ல நாளும் அதுவுமாக வாக்குவாதம் எதற்கென்று கொடுத்தேன்.

பெரிய கேமராவைக் கஸ்தூரி வீட்டு பீரோவில் பூட்டிவிட்டு, சின்னதன் பட்டையை வலது மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கஸ்தூரி அதைப் பார்த்தாள்.

"இன்னா அண்ணி, இத்துனூண்டு கீது? கமிட்டிக்காரங்க என்னைக் கேலி பண்ணுவாங்க."

"உங்க கமிட்டிக்காரங்க கருடனைப் பாக்கட்டும், என் கேமராவை ஏன் பாக்குறாங்க?"

கோயிலுக்கு எதிர்வீட்டு மொட்டை மாடியில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். ஒன்பதே முக்காலுக்கெல்லாம் கீழே தலையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. புதுச் சாயம் அடித்த விமானத்தின்மேல் குருக்கள்மார் குடத்தோடு ஏறி, வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கீழே நாதஸ்வரம் நிற்காமல் ஒலித்துக்கொண்டிருந்தது.

ஒரு பருந்து வந்தது. கூட்டம் ஓவென்று கத்தியது. ஜன்னலில் கண் வைத்து இழுத்துப் பார்த்தேன். உடம்பு முழுக்கக் கரும்பழுப்பு, பிளந்த வால்.

"எடுத்தீங்களா அண்ணி?"

"இது அவர் இல்லடி. இது கரும்பருந்து. கறிக்கடை மேல சுத்துமே, அது."

பக்கத்தில் நின்ற மாமா ஒருவர் கோபித்துக்கொண்டார். "பெருமாளு எந்தக் கலர்ல வந்தா உனக்கு இன்னாம்மா?" நியாயமான கேள்வி என்பதால் மறுபடி கேமராவில் கண் வைத்தேன்.

குருக்கள் குடத்தைத் தூக்கினார். அப்போது வடக்கிலிருந்து, ஊர் ஏரிப்பக்கமாக, நிஜமாகவே வந்தார். செங்கல் நிறச் சிறகு, வெள்ளைத் தலை, வெள்ளை மார்பு. காலையில் பழகியதுபோல ஜூமைச் சுருக்கிக் கண்டுபிடித்து நீட்டினேன். சட்டம் நிறைய, பிசிறில்லாமல், தலையைச் சாய்த்து என்னையே பார்க்கிற மாதிரி நின்றார். விரல் பட்டனில் பாதி அழுந்தியிருந்தது. இன்னும் ஒரு நூல் அழுத்தினால் படம். கீழே அத்தனை ஜனமும் "கோவிந்தா!" என்று வானம் அதிரக் கத்தியது.

நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன்.

சிரிக்காதீர்கள். யோசித்துச் செய்கிற காரியமா அது? ஊரே கும்பிடும்போது கை தானாகப் போய்விட்டது. கேமராவை விட்டுவிட்டேன், அது மணிக்கட்டுப் பட்டையில் தொங்கி நெற்றியில் டொக்கென்று இடித்தது. கருடன் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வந்த வழியே போய்விட்டார். கலசத்தில் தண்ணீர் ஊற்றி, மோட்டார் போட்டுக் குழாயால் எல்லோர்மேலும் தெளித்தார்கள். நான் அப்படியே நின்றேன்.

"அண்ணி! ஐயோ அண்ணி!" என்று கஸ்தூரி அலறினாள்.

"கத்தாதடி, கேமரா பத்திரமா இருக்கு. படம்தான் போச்சு."

"கேமரா இல்ல அண்ணி, கை! உங்க கை!"

அண்ணாந்து பார்த்தேன். என் இரண்டு கைகளும் தலைக்கு மேலே சேர்ந்திருந்தன. இடது கை நேராக, வலது கை கொஞ்சம் கோணலாக. ஆனால் தலைக்கு மேலே. பார்த்தபிறகுதான் வலி சுளீரென்று வந்தது. இறக்கத் தெரியவில்லை. கஸ்தூரி முழங்கையைத் தாங்கிப் பிடித்துக் குழந்தையை இறக்குவது மாதிரி மெல்ல இறக்கினாள். இரண்டு பேரும் நனைந்துகொண்டு சிரித்தோம், அழவும் செய்தோம். கரும்பருந்து மாமா என்ன ஆச்சென்று விசாரித்துவிட்டு அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அம்மன் கொடுத்தது என்றாள் கஸ்தூரி. கை எப்போதோ ஓரளவு விட்டிருக்கும், பயத்தில்தான் நீங்கள் தூக்காமல் இருந்திருக்கிறீர்கள் என்று மறுநாள் பிசியோதெரபி அம்மா சொன்னார். இரண்டு பேர் சொன்னதையும் நான் நம்புகிறேன். படம் இல்லையே என்று கமிட்டியில் கேட்டதற்கு, பார்த்த கண்ணெல்லாம் இங்கதானே கீது, படம் எதுக்கு என்று கஸ்தூரி போட்ட போடில் பேச்சு நின்றது. பந்தியில் புளியோதரை பிரமாதம், இரண்டாம் முறையும் வாங்கினேன்.

திரும்பும்போது பஸ்ஸில் யோசித்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஜூம் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள், நம் ஊர் வெயிலுக்குக் கண் வைத்துப் பார்க்கும் ஜன்னல் இல்லாத கேமராவைத் தொடவே வேண்டாம். பழையதாக வாங்கினால் ஜூமை முழுக்க நீட்டிச் சுருக்கிச் சத்தம் கேளுங்கள், கரகரத்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். வெள்ளைத்தாளைப் படமெடுத்தால் லென்ஸுக்குள் புகுந்த தூசி புள்ளியாகத் தெரியும். கும்பாபிஷேகத்துக்குப் பிளாஸ்டிக் உறை அவசியம், என் கைக்குட்டை அன்றைக்குப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மணிக்கட்டுப் பட்டையை மட்டும் கழற்றவே கழற்றாதீர்கள். ஏரியும் கோயிலும் ஒரே காலையில் பார்க்க ஆட்டோ, சீட்டு எல்லாம் சேர்த்து இருநூற்று முப்பது ரூபாய் ஆனது.

இரண்டரை மணிக்குக் கடைக்குள் நுழைந்தேன். சேகர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாக்கா, மாட்டுனாரா?"

"இல்ல."

"ஒண்ணுகூடவா?"

"சின்னதுலதான் பாத்தேன், ஒண்ணுகூட இல்ல."

"அப்ப பெர்சையே எட்த்துக்கோ. சின்னது உனக்கு செட்டாவல."

"சின்னதுக்குத்தான் பில் போடு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அக்கா, கருடனையே உட்ட கேமரா அது."

"ஆமா. பெரிசா இருந்திருந்தா ரெண்டு கையாலயும் அதையே கட்டிப் பிடிச்சிகினு நின்னிருப்பேன்."

"நீ இன்னா சொல்றன்னே பிரியலக்கா" என்றார் சேகர்.

கையைத் தூக்கிக் காட்டினேன்.