ஏரி காணாத துடுப்பு

மொன்றியல் புறநகரான ரொக்ஸ்பரோவில், எங்கள் வீட்டின் நிலக்கீழ் அறையில், சலவை இயந்திரத்துக்கும் சுவருக்கும் இடையில் ஒரு துடுப்பு சாய்ந்து நிற்கிறது. மேப்பிள் மரம். கைப்பிடி என் உள்ளங்கைக்கென்றே செய்ததுபோல இருக்கும். உண்மையிலேயே அதற்கென்றுதான் செய்தது; செய்தவனும் நான்தான். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. இப்போது கை பெருத்துவிட்டது, துடுப்பு அப்படியே இருக்கிறது. தட்டையான பக்கம் மட்டும் மஞ்சள் ஏறிக் கிடக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் இதென்ன என்று கேட்டால் என் மனைவி சிரித்துக்கொண்டு, "அது மாமாவின்ர அகப்பை" என்பாள். மாமா என்று அவள் சொல்வது என் அப்பாவை. கேட்டவர்களும் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் இன்றுவரை அதில் சிரிப்பதற்கு எதுவும் தென்பட்டதில்லை.

நாங்கள் அப்போது செயின்ட்-மிஷேலில், வெளியே வளைந்து வளைந்து ஏறும் இரும்புப் படியுள்ள ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருந்தோம். ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளராக இருந்த அப்பா, மொன்றியலில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் எச்சில் கோப்பை கழுவினார். அவர் விரல் இடுக்குகள் எப்போதும் வெடித்திருக்கும். அம்மா தேங்காயெண்ணெய் பூசிவிடுவார். எங்கள் பாடசாலை ஆசிரியை ஒருத்தி எங்கேயோ சொல்லி, மலைப்பக்கம் இருந்த ஒரு பையன்கள் கோடை முகாமில் எனக்கு இலவசமாக ஓர் இடம் எடுத்துத் தந்தாள். பெரிய வீட்டுப் பிள்ளைகள் பரம்பரை பரம்பரையாகப் போகிற முகாம். அப்பா யோசிக்காமல் சம்மதித்தார். "வெள்ளைக்காரப் பெடியளோட பழகினாத்தான் இங்கிலீஸ் பிடிபடும். போகட்டும்" என்றார். முகாமில் என்னென்ன செய்வார்கள் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, எனக்கே தெரியாது.

முதல் கோடை எனக்கு நரகம். விடிந்ததும் மணி அடிக்கும். மணி அடித்தால் ஏரிக்குள் குதிக்க வேண்டும். ஜூலையிலும் அந்தத் தண்ணீர் எலும்பைத் தொடும். கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் மறுபடி விரிக்கச் சொல்வார்கள். சாப்பாட்டுக்கு முன் எழுந்து நின்று பாட்டு, சாப்பிட்ட பின் மேசையில் தாளம் தட்டி இன்னொரு பாட்டு. எனக்குப் பாட்டும் தெரியாது, அந்தக் கஞ்சியும் இறங்காது. இரவெல்லாம் கடித்த நுளம்புக்கு மட்டும் என்னை நன்றாகப் பிடித்துப்போயிற்று. இரண்டாம் கோடையில் பாட்டுகள் தெரிந்திருந்தன. மூன்றாம் கோடையில், முதன்முதலாக வந்து அழுகிற சின்னப் பையன்களுக்குக் கட்டில் விரிக்க நான் சொல்லிக்கொடுத்தேன். மொன்றியலில் எனக்கென்று ஓர் இடம் இல்லை என்று நினைத்திருந்த எனக்கு, நகரத்தை விட்டு வந்த அந்தக் காட்டுக்குள் ஓர் இடம் கிடைத்திருந்தது.

அந்த மூன்றாம் கோடைதான் துடுப்புக் கோடை. அந்த வயதுப் பையன்களுக்கு ஆளுக்கொரு பலகை கொடுப்பார்கள். அதைச் செதுக்கி, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, வார்னிஷ் பூசி, தட்டையான பக்கத்தில் பெயரெழுதி, அவரவர் துடுப்பை அவரவரே செய்ய வேண்டும். கோடை முடியும்போது அந்தத் துடுப்போடு வள்ளத்தில் ஏறி, ஏரிவிட்டு ஏரி, நடுவில் நிலம் வந்தால் வள்ளத்தைத் தலைமேல் தூக்கிக்கொண்டு, ஒரு நீண்ட பயணம் போய்வர வேண்டும். போய்வந்தவனின் துடுப்பை முகாம் தலைவர் ஏணியில் ஏறிச் சாப்பாட்டு மண்டபத்து உத்தரத்தில் மாட்டுவார். போகாதவனுடையதை மாட்ட மாட்டார்கள். அதற்கு விதிவிலக்கே கிடையாது. அந்த உத்தரத்தில் அப்பாவும் மகனும் பேரனுமாக வரிசையாகத் தொங்கும் துடுப்புகள் இருந்தன. அவற்றுக்கிடையே எங்கள் வீட்டுப் பெயர் ஒன்று தொங்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட அளவுக்கு வாழ்க்கையில் வேறெதற்கும் ஆசைப்பட்டதாக ஞாபகமில்லை. நீலமும் வெள்ளையும் பூசி, எங்கள் நீளமான பெயரை ஓரெழுத்தும் விடாமல் எழுதி முடித்தேன்.

பயணத்துக்கு முந்திய நாள் பெற்றோர் பார்க்க வரும் ஞாயிறு. அன்றைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் பரிமாறுவதும், பிறகு கோப்பை கழுவுவதும் துடுப்புப் பையன்களின் உரிமை. ஆம், உரிமை. முகாம் தலைவர், வெயிலானாலும் மழையானாலும் அரைக்காற்சட்டையோடு திரிகிற அந்த நெட்டை மனிதர், தன் கையாலேயே ஒவ்வொருவனுக்கும் ஏப்ரன் என்கிற மேலங்கியைக் கட்டிவிடுவார். அந்த அங்கிக்காகப் பையன்கள் வருடக்கணக்கில் காத்திருப்பார்கள். என் இடுப்பில் அவர் முடிச்சுப் போட்டபோது நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

சித்தப்பாவின் கார் வழி தவறி, அப்பாவும் அம்மாவும் பிந்தித்தான் வந்தார்கள். அதற்குள் மற்றவர்களின் பெற்றோர் வந்து, தலைவரிடம் சொல்லி, பிள்ளைகளை ஏரிக்கரைக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். கழுவுமிடத்தில் மிச்சம் நின்றது இருவர். ஒன்று நான், மற்றவன் எங்கள் பாடசாலையிலிருந்து அதே ஆசிரியையின் சிபாரிசில் வந்த ஹெய்ட்டிப் பையன். அவன் அம்மா பஸ்ஸில் வரவேண்டும். என் அப்பாவோ முன்வாசலால் வரவில்லை. சாப்பாட்டு மண்டபம் என்றால் அவருக்குப் பின்வாசல்தான் பழக்கம். கதவைத் திறந்தவர் கண்டது, முழங்கை வரை சவர்க்கார நுரையோடு நின்ற தன் மகனை.

"என்னடா செய்யிறாய்?"

"கோப்பை கழுவிறனப்பா. இண்டைக்கு எங்கட முறை."

"மற்றப் பெடியள் எங்கை?"

"அவையின்ர அம்மா அப்பா வந்திட்டினம்."

அது சத்தியமான பதில். ஆனால் அதைக் கேட்டதும் அவர் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. ஹெய்ட்டிப் பையனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குவிந்திருந்த கோப்பைகளைப் பார்த்தார். "கழட்டு உதை. கழட்டிப்போட்டு வா" என்றார். சத்தம் கேட்டு முகாம் தலைவர் ஓடிவந்தார். காது கேளாதவரிடம் பேசுவதுபோல, மெதுவாகவும் உரக்கவும் ஆங்கிலத்தில் விளக்கினார். இங்கே எல்லாப் பையன்களும் கழுவுவார்கள், தன் பிள்ளைகளும் கழுவினார்கள், இது ஒரு கௌரவம் என்றார். என்னை மொழிபெயர்க்கச் சொன்னார்.

"இது கௌரவமாம் அப்பா."

"கௌரவமோ? இந்தக் கௌரவம் எனக்கு ஒவ்வொரு நாளும் கிடைக்குது. என்ர பிள்ளைக்கு வேண்டாமெண்டு சொல்லு அந்தாளிட்டை."

அதை எப்படி மொழிபெயர்ப்பது? அப்பா தானே சொன்னார்: "மை சன் நோ வாஷ். வீ கோ." அம்மா பின்னால் நின்று, "இஞ்சாருங்கோ, நாளைக்கு வள்ளத்திலை போறதெண்டு பிள்ளை எவ்வளவு ஆசையா இருந்தவன்" என்று மன்றாடினார். நானும் கெஞ்சினேன். பயணத்தைப் பற்றி, உத்தரத்தைப் பற்றி, பெயரைப் பற்றி அழுதழுது சொன்னேன். அவர் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தார். நான் துடுப்பை மட்டும் எடுத்துக்கொண்டேன். திரும்பும் வழியில் டெப்பனர் என்கிற ஒரு தெருமூலைக் கடையில் நிறுத்தி எனக்கு ஐஸ்கிறீம் வாங்கிவந்தார். துடுப்பு மடியில் குறுக்கே கிடக்க, ஐஸ்கிறீம் உருகி என் முழங்காலில் வடிந்தது. நான் அதை நக்கிக்கூடப் பார்க்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அடுத்த வருடம் கோவில் மடைப்பள்ளியில் பெரிய அகப்பையின் காம்பு முறிந்துவிட்டது. அப்பா அங்கே தொண்டு செய்பவர். நான் பாடசாலையால் வந்தபோது துடுப்பு என் கட்டிலுக்குப் பின்னால் இல்லை. பின்பால்கனியில் அப்பா உட்கார்ந்து கண்ணாடித் துண்டால் அதைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நீலம் போய்விட்டது, வெள்ளை போய்விட்டது, எங்கள் பெயரில் கடைசி இரண்டெழுத்துத்தான் மிச்சம். நான் கத்தியது கீழ் வீட்டுக்கும் கேட்டிருக்கும். அவர் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார். "சும்மா கிடந்த பலகைதானே தம்பி. நல்ல கனடாப் பலகை. சாமிக்குப் பொங்கலெண்டாலும் கிண்டட்டும்" என்றார். சாமிக்கு என்று சொல்லிவிட்டால் பிறகு யார் என்ன பேசுவது? அதன்பின் வருடாவருடம் என் துடுப்பு அண்டாவுக்குள் இறங்கி ஏறியது. பொங்கலை நானும் கையேந்தி வாங்கிச் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது, அதுவும் ஓர் எரிச்சல்.

வளர்ந்த பிறகு நானே எனக்கொரு விளக்கம் சொல்லிக்கொண்டேன். மகன் கோப்பை கழுவக் கூடாதென்றுதான் அந்த மனிதர் கோப்பை கழுவினார். அந்த வேலையை என் கையில் கண்டது அவருக்குப் பொறுக்கவில்லை. இதைக் கல்யாணமான புதிதில் மனைவியிடம் கண்கலங்கச் சொல்லியிருக்கிறேன். அவளும் கலங்கினாள். அப்பாவிடம் நேரே கேட்டதில்லை என்றில்லை. பலமுறை கேட்டேன். "பழைய கதை இப்ப என்னத்துக்கு?" என்பார். அம்மா காலமான பிறகு அவர் எங்களோடு வந்து தங்கிவிட்டார். அகப்பையும் கூடவே வந்தது. ஒரே வீட்டில் இருந்தும் அந்த ஒரு கேள்விக்கு அவரிடமிருந்து பதில் வாங்க முடியவில்லை.

இந்த வருடம் என் மகனுக்குத் துடுப்புக் கோடை. அதே முகாம்தான். ஏன் அங்கேதான் அனுப்ப வேண்டும் என்று மனைவி கேட்டாள். பிடிவாதம் என்பதைத் தவிர என்னிடம் நல்ல பதில் இல்லை. அவனுக்கோ இதிலெல்லாம் பெரிய ஆர்வம் கிடையாது. துடுப்பில் பெயரைக்கூடச் சுருக்கித்தான் எழுதியிருக்கிறான். பெற்றோர் ஞாயிறன்று அப்பாவைக் கூட்டிப்போகக் கூடாதென்று நினைத்திருந்தேன். காலையில் பார்த்தால், வடைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காரில் முதல் ஆளாக ஏறி இருக்கிறார். வழியெல்லாம் நான் மனதுக்குள் வசனம் தயார் செய்தேன். இம்முறை அவர் வாயைத் திறந்தால் என்ன சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்று. கோடை வெயிலில் நெடுஞ்சாலை நெரிசல் வேறு. போய்ச் சேர்ந்தபோது சாப்பாடு முடிந்திருந்தது.

நான் காரைப் பூட்டுவதற்குள் அப்பா பழக்கதோஷத்தில் பின்வாசலுக்குப் போய்விட்டார். நான் ஓடினேன். உள்ளே என் மகன் மேலங்கியோடு, நுரைக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றான். "போன்ஜூர் அப்பப்பா!" என்று கையாட்டினான். அப்பா அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்:

"காசு வாங்காமலோ இவனை எடுத்தவங்கள்?"

"இல்லையப்பா. முழுக்காசும் நான் கட்டினனான்."

"அப்பச் சரி. கழுவட்டும்."

அவ்வளவுதான். போய் மரநிழலில் உட்கார்ந்துவிட்டார். நான் அந்தக் கதவடியிலேயே நின்றேன். இத்தனை வருடமாக நான் கட்டிவைத்திருந்த விளக்கம், நான் கண்கலங்கிய கண்கலக்கம் எல்லாம் வீண். கோப்பை அல்ல அவரைச் சுட்டது. இனாமாக வந்த பிள்ளைகளை நிறுத்திவைத்து வேலை வாங்குகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். அன்றைக்கே இதைச் சொல்லியிருந்தால், இல்லையப்பா, எல்லோரும்தான் என்று நான் விளக்கியிருக்க மாட்டேனா? ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்ல இந்த மனிதருக்கு என்ன கேடு? எனக்குத் தலை கொதித்தது.

முகாமின் புதிய தலைவர், தாடி வைத்த இளைஞர், உள்ளே வந்து என் மகனின் தோளைத் தட்டினார். உன் ஆட்கள் வந்துவிட்டார்கள், நீ போகலாம் என்றார். அவன் அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஓடிவந்தான். பின்னேரம் நாங்கள் பின்வாசல் பக்கமாகக் காருக்குத் திரும்பியபோது, யாருமே பார்க்க வராத ஒரு பையன் அங்கே தனியாகக் கழுவிக்கொண்டிருந்தான். இனாமாக வந்தவனோ, காசு கட்டி வந்தவனோ, எனக்குத் தெரியாது. அப்பா உள்ளே போனார். என் மகனுக்கென்று வைத்திருந்த மிச்ச வடையைப் பெட்டியோடு அந்தப் பையனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார். தன்னைக் கோபிக்கவும் விடமாட்டார், கோபிக்காமல் இருக்கவும் விடமாட்டார். காரில் ஏறி அரைவழி வந்ததும், "வாற கிழமை தேர். அந்த அகப்பையைக் கழுவித் தா" என்றார்.

நேற்று நிலக்கீழ் அறைத் தொட்டியில் தண்ணீரை நிரப்பி அதைப் போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் போவதாக இல்லை. மேலே இருந்து அப்பா, "சவுக்காரம் போடாதை, பொங்கல் மணக்கும்" என்று குரல் கொடுத்தார். என் மகன் இந்நேரம் ஏதோ ஓர் ஏரியில் இருப்பான். அவன் துடுப்பு உத்தரத்தில் ஏறும், அவன் அண்ணாந்துகூடப் பார்க்க மாட்டான். படியில் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்து, துடுப்பைத் தொட்டித் தண்ணீருக்குள் இறக்கி ஒருமுறை வலித்துப் பார்த்தேன். தொட்டி சின்னது. அடித்த வேகத்தில் தண்ணீர் எகிறி என் சட்டையெல்லாம் நனைந்தது. "என்னடா செய்யிறாய் அங்கை?" என்று அப்பா கேட்டார்.

"கழுவிறனப்பா" என்றேன்.