ட்ரூடி வீட்டு சிங்க்கும் அடுத்த வீட்டு வெண்டலும்

கதவைத் தட்டும் வழக்கம் வெண்டலுக்குக் கிடையாது. காபிக் கோப்பையை ஏந்திக்கொண்டு, முழங்கையால் வலைக்கதவைத் தள்ளி உள்ளே வருவார். குளிர்பெட்டியில் சாய்ந்து நிற்பார். ஒரு மிடறு குடிப்பார். அப்புறம்தான் வாய் திறக்கும்.

"நான் உன் இடத்துல இருந்தா அப்படிச் செய்யமாட்டேன், ட்ரூடி."

ட்ரூடி பெரிதாக எதையும் செய்துகொண்டிருக்க வேண்டும் என்பதில்லை. ரொட்டிக்கு வெண்ணெய் தடவினாலும் போதும்.

எழுபது தாண்டிய நெடிய உருவம். தோள்வார் வைத்த கால்சட்டை, விதைக் கம்பெனித் தொப்பி, காதில் சீவாத தச்சுப் பென்சில். ஊரில் இருந்த ஒரே இரும்புக்கடை மூடப்படும்வரை அதன் மேசைக்குப் பின்னால் நின்றவர். ஆட்களைப் பெயரால் நினைவு வைத்துக்கொள்ள மாட்டார், வாங்கிய சாமானால் வைத்துக்கொள்வார். "அதான், பித்தளைக் கீல் வாங்கிட்டுத் திருப்பிக் கொடுத்தானே, அவனோட மச்சினி" என்பார். சொந்தப் பெயரைச் சொன்னால் விழிப்பார்.

அந்த ஆகஸ்ட் சனிக்கிழமை ட்ரூடிக்கு அவரைப் பார்க்கவே பொறுமையில்லை. பழைய எவர்சில்வர் சிங்க்கைப் பெயர்த்துப் போட்டு ஒரு வாரமாகிவிட்டது. புதியது தரையில் கம்பளியின்மேல் கிடந்தது. வெள்ளைப் பீங்கான், அகலமும் ஆழமுமாக, முன்பக்கம் முழுதாக வெளியே தெரிகிற பண்ணைவீட்டு சிங்க். தக்காளி பதப்படுத்தும் பெரிய அண்டாவைப் படுக்கவைத்துக் கழுவ வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. பள்ளிப் பேருந்து ஓட்டிச் சேர்த்த பணத்தில் வாங்கியது. அது வந்த நாளிலிருந்து குளியலறையில் மண்டியிட்டுத்தான் தட்டு கழுவுகிறாள். சாப்பாட்டு மேசை முழுக்கத் தோட்டத்துத் தக்காளி பழுத்து, வெடித்து, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. கணவன் ரஸ் லாரி ஓட்டுகிறவன். திங்களன்று கிளம்பிவிடுவான். இன்றைக்கு வேலை முடியாவிட்டால் அத்தனையும் குப்பைக்குத்தான்.

ரஸ் அறுவை இயந்திரத்தைக் கையில் எடுத்தான். சமையல் மேடையில் சிங்க்கின் அளவுக்குக் கோடு போட்டிருந்தது.

"கோட்டுக்கு வெளியே வெட்டு" என்றார் வெண்டல். "பீங்கான் சூளையில வெந்தது. ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. தாராளமா இடம் விடணும்."

ரஸ் மரியாதை தெரிந்தவன். அதுதான் அவனிடமுள்ள கோளாறு. வெளியே வெட்டினான். பிறகு அளந்து பார்த்தபோது இடப்பக்கம் ஒரு விரல் நுழைகிற இடைவெளி.

வெண்டல் ஒரு மிடறு குடித்தார். "அதுல என்ன இருக்கு? சிலிக்கான் பசை அடிச்சா தெரியவே தெரியாது."

ட்ரூடிக்குள் ஒரு வாரமாகக் கொதித்தது பொங்கிவிட்டது.

"இத்தனை வருஷத்துல அந்தக் கோப்பையைத் தவிர வேற எதையாவது தூக்கியிருக்கீங்களா? எங்களுக்கெல்லாம் ரெண்டு கை இருக்கு. உங்களுக்கு வாய் மட்டும்தான் இருக்கு!"

"ட்ரூடி..." என்றான் ரஸ்.

"நீ பேசாதே. அவர் சொன்னாருன்னு வெட்டினவன் நீ."

வெண்டல் கோப்பைக்குள் பார்த்தார். அதைக் குளிர்பெட்டியின்மேல் வைத்தார். நேரே வந்து, சிங்க்கின் ஒரு முனையில் குனிந்து, "பிடிங்க" என்றார்.

மூவருமாகத் தூக்கினார்கள். அவருக்கு முழங்காலை மடக்கித் தூக்கத் தெரியவில்லை. முகம் சிவந்து, மூச்சு சீறியது. எங்கே விழுந்துவிடுவாரோ என்று ட்ரூடி சிங்க்கைப் பார்ப்பதா அவரைப் பார்ப்பதா என்று தவித்தாள். எப்படியோ மரச்சட்டத்தின்மேல் அது உட்கார்ந்தது. இடைவெளியில் ஒரு மரத்துண்டைச் செதுக்கி அடைத்தான் ரஸ். குழாய்களை இணைத்துவிட்டு, தண்ணீரைத் திறக்க நிலவறைக்கு இறங்கினான்.

ட்ரூடி குழாயைத் திறந்ததும், சிங்க்கின் அடியில் கழிவுநீர் இறங்கும் வளைகுழாயிலிருந்து சொட்டியது.

"நான் பாக்கறேன்." ட்ரூடி தடுப்பதற்குள் வெண்டல் ஸ்பேனரோடு அலமாரிக்குள் மல்லாந்து நுழைந்துவிட்டார். ஒரு திருகு. இணைப்பு கழன்று, தொட்டியில் நின்ற தண்ணீர் மொத்தமும் அவர் முகத்தில் கொட்டியது.

குழாயை மூடிவிட்டு ட்ரூடி குனிந்து பார்த்தாள். மனிதர் ஸ்பேனரைச் சூப் குடிக்கிற கரண்டியைப்போலப் பிடித்திருந்தார்.

"வெண்டல், இதுக்கு முன்னாடி ஒரு குழாயையாவது மாட்டியிருக்கீங்களா?"

"நிறைய வித்திருக்கேன்" என்றது உள்ளிருந்து குரல்.

"உங்க வீட்டுல?"

"எல்லாம் என் வீட்டுக்காரி ஆர்லீன்தான். நான் சாமான் கொண்டுவந்து கொடுத்துட்டு, பக்கத்துல நின்னு சொல்லிக்கிட்டிருப்பேன். இப்ப அவ கை மடங்கறதில்ல. விரலெல்லாம் வீங்கிப்போச்சு. எங்க சிங்க்கும் ஒழுகுது. குளிர்காலத்துலேர்ந்து அடியில வாளிதான்."

"இதை அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" ட்ரூடிக்கு எரிச்சல் அடங்கவில்லை. ஆனால் இப்போது யார்மேல் எரிச்சல் என்பது தெளிவாக இல்லை.

சத்தம் கேட்டுப் புல்வெளியைக் கடந்து வீட்டுச் செருப்போடு ஆர்லீன் வந்துவிட்டாள். அலமாரிக்கு வெளியே நீட்டியிருந்த கால்களைப் பார்த்தாள்.

"கீழே கிடக்கறது என் வீட்டுக்காரரா? யாரு அவரை உள்ளே விட்டது?"

"யாரும் விடலை. அவரே போனார்" என்றாள் ட்ரூடி.

"வெண்டல், முதல்ல கையாலயே இறுக்கு. அப்புறம்தான் ஸ்பேனர். வலப்பக்கமாச் சுத்து."

"எது வலம்? நான் மல்லாந்து கிடக்கேன்."

ஆர்லீன் செருப்பு நுனியால் அவருடைய வலது காலணியைத் தட்டினாள். "இந்தப் பக்கம்."

"நான் உன் இடத்துல இருந்தா..."

"இப்ப நீதான் என் இடத்துல இருக்கே. திருப்பு. போதும், போதும்! நெரிச்சுடாதே."

ட்ரூடி மறுபடி குழாயைத் திறந்தாள். அகலமான வெள்ளைத் தொட்டியில் தண்ணீர் விழுந்து சுழன்று இறங்கியது. எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். நிலவறையிலிருந்து ரஸ் மட்டும், "என்ன ஆச்சு?" என்று கத்தினான்.

"ஒண்ணும் ஆகலை!" என்று கத்தினாள் ட்ரூடி. குனிந்து, "வெளியே வாங்க, சொட்டலை" என்றாள்.

அவர் வரவில்லை. துண்டு ஒன்று கேட்டு வாங்கி, வலது கையை விரல்விரலாகத் துடைத்தார். துடைத்த உள்ளங்கையை இணைப்புக்கு அடியில் விரித்துவைத்துக்கொண்டு அப்படியே கிடந்தார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கழுவ வேண்டிய அண்டாவை இடுப்பில் தாங்கியபடி ட்ரூடி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

கடைசியில் அலமாரிக்குள்ளிருந்து அந்தக் கை வந்தது. ட்ரூடியின் கால்களைத் தாண்டி, ஆர்லீன் பக்கமாக நீண்டு, உலர்ந்த உள்ளங்கையை அவளுக்கு விரித்துக் காட்டியது.