வண்டிக்கு ஊற்றிய தண்ணீர்

காரைக்கால் பெரியாஸ்பத்திரியில் காயங்களுக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸராக இருந்த அம்பலவாணனுக்கு ஊரில் இரண்டு பெயர்கள் உண்டு. கைராசிக்காரர் என்பது ஒன்று. தண்ணி குடுக்காத அம்பலவாணன் என்பது மற்றது. இரண்டாவதை முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவர் ஒருவர்தான். வாடகைக் கார் ஓட்டிய நெய்னா முகம்மது.

நெய்னாவுக்கு அந்த உரிமை இருந்தது. நாற்பத்தொன்பதாம் வருஷம்வரை அவர் தோணிக்காரர். ஒருநாள் சரக்கு இறக்கும்போது மேலேயிருந்து தவறி விழ, கீழே கிடந்த இரும்புக் கொக்கி வலது விலாவில் ஏறிவிட்டது. உடனிருந்தவர்கள் பதறிப்போய் அதைப் பிடுங்கியும் விட்டார்கள். அவர் மூச்சை இழுக்கும்போதெல்லாம் காற்று வாய் வழியாகப் போகாமல் அந்த ஓட்டை வழியாக உஸ்ஸென்று போயிற்று. வேறு ஏதோ வேலையாகத் துறைக்கு வந்திருந்த அம்பலவாணன் ஓடிவந்து உள்ளங்கையால் ஓட்டையை அடைத்தார். வாழையிலைத் துண்டொன்றில் விளக்கெண்ணெய் தடவி வரச்சொல்லி, அதை ஓட்டைமேல் வைத்து மூன்று பக்கம் இறுக்கி, உள்ளே சேர்ந்த காற்று வெளியேற ஒரு பக்கத்தை விட்டுக் கட்டினார். ஆஸ்பத்திரிவரை மாட்டுவண்டியில் அந்த இலையின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை. நெய்னா பிழைத்தார். கடல் வேலைக்கு மூச்சுப் போதவில்லை என்று கார் ஓட்டக் கற்றுக்கொண்டார்.

"வழிபூரா ஒரு மொடக்குத் தண்ணி கேட்டேன். இந்த மனுசன் தரலையே," என்று டீக்கடையில் சொல்வார். "அது ரமலான்கூட இல்ல. தான் ஒருநாளும் நோம்பு புடிச்சதில்ல, எனக்கு மட்டும் நோம்பு வச்சு உட்டாரு."

"அதனாலதான் இப்ப உக்காந்து டீ குடிக்கிறே," என்பார் அம்பலவாணன்.

அடிபட்டு விழுந்தவனைக் கண்டால் நம் ஊரில் முதல் ஆள் சொம்புத் தண்ணீரோடுதான் ஓடிவருவான். இரண்டாவது ஆள் சோடாவோடு வருவான். தாகத்தோடு ஓர் உயிரைப் போகவிடுவதைவிடப் பெரிய பாவம் வேறில்லை. ஆனால் நெஞ்சிலோ வயிற்றிலோ அடிபட்டவனுக்கு அந்தத் தண்ணீரே எமன் ஆகலாம். குடல் கிழிந்திருந்தால் குடித்தது வயிறெங்கும் பரவும். அறுப்பதற்கு மயக்க மருந்து கொடுக்கும்போது வாந்தி வந்தால் மூச்சுக்குழாய்க்குள் போகும். அம்பலவாணன் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்து, கடைசியில் காரணம் சொல்வதையே விட்டுவிட்டார். குடுக்காதீங்க என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார்.

உதட்டை மட்டும் நனைத்துக்கொள்ள முன்பெல்லாம் விடுவார். அதை நிறுத்தியது விழிதியூர் சொர்ணாம்பாளின் மகன் சாவுக்குப் பிறகு. உழவு மாடு அவனை வயிற்றில் குத்திக் கிழித்திருந்தது. அம்பலவாணன் போனபோது குடல் வெளியே சரிந்து கிடந்தது. அதை உள்ளே தள்ளக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். கொதித்து ஆறிய நீரில் நனைத்த வெள்ளைத்துணியால் மூடி, தளரக் கட்டி, முழங்காலை மடக்கிப் படுக்கவைத்தார். சொர்ணாம்பாள் கெஞ்சியதற்காக ஈரத்துண்டால் மகனின் உதட்டைத் தொட அனுமதித்தார். வண்டியில் வைக்கோல் பரப்பச் சொல்ல அவர் திரும்பிய நேரத்தில், தாய் அந்தத் துண்டைக் குளத்தில் முக்கி முக்கி மூன்று தடவை மகன் வாயில் பிழிந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து ஏறியதும் பையன் வாந்தி எடுத்தான். வந்ததெல்லாம் குளத்துத் தண்ணீர். மூச்சு அடைத்து மேஜையிலேயே போய்விட்டான்.

எதனால் போனான் என்று சொர்ணாம்பாளிடம் அவர் சொல்லவில்லை. அதன்பிறகு ஈரத்துணியையும் யார் கையிலும் விடவில்லை.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் மாசி மாதம், தலத்தெருவில் அவர் வீட்டுப் பசு கன்று ஈன்று ஒன்பது நாள் ஆகியிருந்தது. காலையில் கன்றை அவிழ்க்கப் போன அவர் மனைவி ராஜத்தைப் பசு இடது விலாவுக்குக் கீழே முட்டித் தள்ளியது. தோலில் ஒரு கீறல்கூட இல்லை. எழுந்து, புடவையைத் தட்டிக்கொண்டு, கன்றுக்காரி அப்படித்தான் இருப்பா என்று மகள் கல்யாணசுந்தரியிடம் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். கல்யாணசுந்தரிக்கு அப்போது பதினேழு வயது.

பன்னிரண்டரை மணிக்கு அம்பலவாணன் சாப்பிட வந்தார். ராஜம் இலை போட்டாள். சோறு வைத்தாள். மோர் ஊற்ற வந்தவள் ஊற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, இடது தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"தோள்ல என்ன?"

"தெரியலிங்க. காலையிலேருந்து குத்துது. மாடு முட்டுனது விலாவுல, வலி என்னமோ தோள்ல."

அவர் கை சோற்றில் நின்றது. விலாவில் அடி, தோளில் வலி. இதை அவர் இரண்டு பேரிடம் பார்த்திருக்கிறார். இருவரும் பிழைக்கவில்லை. எச்சில் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி நூல்போல ஓடியது. நெற்றி சில்லென்று வேர்த்திருந்தது. வயிற்றில் விரல் வைத்தார். பலகையாக இருந்தது.

"ஏன் காலையிலயே ஆள் அனுப்பல?"

"நாளெல்லாம் அடிபட்டவங்களையே பாக்குறீங்க. நானும் ஒருத்தி வரணுமா?" என்றாள். பிறகு, "சுந்தரி, ஒரு சொம்பு தண்ணி கொண்டா. நாக்கு ஒட்டுது."

"தண்ணி வேணாம்," என்றார் அம்பலவாணன்.

பெரியாஸ்பத்திரியில் வயிற்றைக் கீறிப் பார்க்கத் தெரிந்த டாக்டர் அந்த வாரம் புதுச்சேரி போயிருந்தார். நாகப்பட்டினம்தான் போகவேண்டும். நெய்னாவின் கார் கால்மணியில் வாசலுக்கு வந்தது. பின் சீட்டில் மகள் மடியில் ராஜத்தின் தலை. அவள் கால்மாட்டில் அம்பலவாணன் குந்தி உட்கார்ந்து நாடியிலிருந்து விரலை எடுக்காமல் வந்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு தகர டின். அது நெய்னாவின் பழைய காருக்கு. நாலைந்து மைலுக்கொரு தடவை கொதிக்கும் என்ஜினுக்கு ஊற்ற அவர் எப்போதும் தண்ணீர் வைத்திருப்பார். ரோட்டுப் பள்ளங்களில் கார் இறங்கி ஏறும்போதெல்லாம் டின்னுக்குள் தண்ணீர் அலம்பியது.

ராஜம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"அதுல கொஞ்சம்."

"நாகப்பட்டினத்துல ஆபரேஷன் பண்ணுவாங்க, ராஜம். வயிறு காலியா இருக்கணும்."

"குடிக்கலிங்க. துணியில தொட்டு வையுங்க."

கல்யாணசுந்தரி முந்தானை நுனியை டின்னுக்குள் விட்டாள். அவர் அந்தக் கையைப் பிடித்து விலக்கினார்.

"அப்பா, உதட்டுலதாம்ப்பா."

"உதட்டுலன்னுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறாங்க."

அவருக்கு முன்னால் அப்போது மகள் இல்லை. துண்டும் கையுமாகச் சொர்ணாம்பாள்தான் இருந்தாள்.

வாஞ்சூரில் அந்த நாளில் எல்லைச் சாவடி. இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன், அந்தப் பக்கம் இந்தியா. மூட்டைமூட்டையாக இறக்கிச் சோதிக்கிற இடம். ஆனால் காருக்குள் எட்டிப்பார்த்த காவலாளி ஒன்றும் கேட்காமல் தடுப்புக் கட்டையைத் தூக்கச் சொன்னான். நெய்னா நகரவில்லை. முன்னாலிருந்து ஆவி புஸ்ஸென்று கிளம்பிவிட்டது.

"அண்ணே, ரெண்டு நிமிசம். ஊத்தலைன்னா நாகூர் தாண்டாது."

அவர் டின்னை எடுத்துப்போய் மூடியைத் துணியால் பிடித்துத் திறந்து ஊற்றினார். வெயிலில் கண்ணாடிபோல வளைந்து இறங்கிய தண்ணீரை ராஜம் தலையைச் சற்றுத் தூக்கிப் பார்த்தாள். காவலாளி ஒரு சொம்பு கொண்டுவந்து கதவோரம் நீட்டினான். அம்பலவாணன் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"புள்ளத்தாச்சியா?"

"இல்ல. அடிபட்டிருக்கு."

"அடிபட்டவங்களுக்குத் தண்ணி குடுக்காம எங்க ஊருல யாரும் இருக்க மாட்டாங்க, சாமி."

சாவடியில் நின்ற நாலைந்து பேர் கட்டிய மனைவிக்குத் தண்ணீர் தராத மனிதனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ராஜம் அவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபமில்லை. கல்யாணமான புதிதில் அவர் பண்டிகைக்குப் புடவை வாங்க மறந்துவிட்டு வந்து நின்றபோது சிரித்தாளே, அந்தச் சிரிப்பில் பாதி.

"வண்டிக்கு மட்டும் குடுக்குறீங்க," என்றாள்.

நாகூர் மினாரா தெரிந்த இடத்தில் அவர் விரலுக்கடியில் நாடி நின்றது. அவர் சொல்லவில்லை. நெய்னா வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டே காரை விரட்டினார். கல்யாணசுந்தரி அம்மாவின் நெற்றியைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரி வாசல்வரை அவர் விரலை எடுக்கவில்லை. எடுத்தால் தெரிந்துவிடும்.

நாகப்பட்டினத்து டாக்டர் நல்ல மனிதர். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், எத்தனை மணிக்கு முட்டியது என்று கேட்டார். "மண்ணீரல் கிழிஞ்சிருக்கு. உள்ளேயே ரத்தம் போயிருக்கு. காலையில இங்கேயே இருந்திருந்தாலும் உறுதி சொல்ல முடியாது. வழியில என்ன கேட்டாங்க?"

"தண்ணி," என்றாள் கல்யாணசுந்தரி. "அப்பா உதட்டைக்கூட நனைக்க விடல."

டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார். "விழுங்கத்தான் கூடாது. பஞ்சுல தொட்டு உதட்டை நனைக்கிறதுல ஒண்ணுமில்லையே."

அவருக்கு எதிரில் நிற்பது டிரெஸ்ஸர் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. குழாயிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அம்பலவாணன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாம் நாள் விழிதியூரிலிருந்து சொர்ணாம்பாள் துக்கம் கேட்க வந்தாள். கூடத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு அவர் பக்கமாக நகர்ந்தாள்.

"எம்புள்ளைக்குக் கடைசியா எங்கையால மூணு வாய் தண்ணி குடுத்தேன், தம்பி. நீ கோவிச்சுக்குவேன்னு அன்னிக்குச் சொல்லல. அந்த நெனப்புலதான் உசுரை வச்சிட்டிருக்கேன். ராஜத்துக்கும் குடுத்திருப்பேல்ல?"

கல்யாணசுந்தரி தூணுக்கருகில் நின்று அப்பாவைப் பார்த்தாள்.

"ம்," என்றார் அம்பலவாணன்.

"அது போதும்," என்று சொர்ணாம்பாள் அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். மூன்று வாய்த் தண்ணீர் என்ன செய்தது என்று அவளுக்குச் சொல்லாமல் விட்ட அந்த ஒரு நன்மையை அவள் இப்படித் திருப்பித் தந்துவிட்டுப் போனாள்.

மோர் ஊற்ற வந்து ராஜம் சாய்ந்து உட்கார்ந்த இடத்தில் விளக்கும் சொம்புத் தண்ணீரும் வைத்தார்கள். பதினாறு நாளோடு எடுத்துவிடுகிற வழக்கம். கல்யாணசுந்தரி எடுக்கவில்லை. சாயங்காலம் நிறைத்து வைப்பாள், காலையில் வாசல் பவழமல்லிக்கு ஊற்றுவாள். அப்பாவுக்குச் சமைத்தாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அந்த 'ம்' பற்றி மட்டும் பேசவில்லை. பசுவை விற்றுவிட்டார்கள். நெய்னா டீக்கடையில் நோம்புக் கதையைச் சொல்வதை நிறுத்திவிட்டார். யாராவது ஞாபகமாகக் கேட்டால், "அதெல்லாம் எதுக்கு இப்ப," என்று எழுந்து போவார். அடுத்த வருஷம் வாஞ்சூர்ச் சாவடியையும் எடுத்துவிட்டார்கள். தடுப்புக் கட்டை இருந்த இடத்தில் இரண்டு குழிகள்தான் மிச்சம். நெய்னாவின் கார் அங்கே கொதித்தால் அவர் நிறுத்துவதில்லை. நாகூருக்குப் போய்த்தான் ஊற்றுவார்.

அம்பலவாணன் மட்டும் வேலையில் ஒன்றை மாற்றிக்கொண்டார். சட்டைப்பையில் ஒரு சின்ன டப்பா, அதில் சுத்தமான பஞ்சு. அடிபட்டு வருகிறவர்களின் உறவுக்காரர்களிடம் முன்போலவே குடுக்காதீங்க என்பார். பிறகு தாமே குனிந்து, பஞ்சைத் தண்ணீரில் தொட்டு, நன்றாகப் பிழிந்து, உதட்டில் ஒற்றுவார். அதை வேறு யார் கையிலும் தரமாட்டார்.

ஐம்பத்தேழில் ஒருநாள் கல்யாணசுந்தரி மதியச் சாப்பாட்டுத் தூக்கோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். நடைக் கட்டிலில் பாரவண்டிச் சக்கரம் வயிற்றில் ஏறிய பெண் ஒருத்தி கிடந்தாள். ராஜத்தின் வயதுதான் இருக்கும். டாக்டர் உள்ளே கத்தியும் கருவியும் எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். அம்பலவாணன் கட்டிலருகே மண்டியிட்டு அவள் உதட்டில் பஞ்சை ஒற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் கண்ணை மூடி, உதட்டை மெல்லச் சப்பினாள். இன்னொரு தடவை ஒற்றினார். அவளை உள்ளே தூக்கிப் போனபிறகும் அவர் எழவில்லை.

மகள் தூக்கைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கு இது உங்களுக்குத் தெரியாதாப்பா?"

அவர் பஞ்சை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"தெரியும்," என்றார். "முன்னால செஞ்சுட்டுத்தான் இருந்தேன். பயந்துட்டேன், சுந்தரி. அம்மா பொழைச்சிடுவான்னு நெனச்சேன். அதைக் கெடுத்துடக் கூடாதுன்னு பயந்துட்டேன்."

அவள் தூக்கைத் திறந்து சோற்றைப் பிசைந்து எதிரில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அன்று சாயங்காலம் அவர் திரும்பியபோது விளக்கு ஏற்றியிருந்தது. சொம்பு அதன் இடத்தில் இல்லை. கல்யாணசுந்தரி கிணற்றடியிலிருந்து அதை நிறைத்துக் கொண்டுவந்து அவர் எதிரில் நின்றாள்.

"இன்னிக்கு நீங்க வையுங்கப்பா."

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஆயிரம் காயங்களைக் கட்டிய கை. ஒருநாளும் நடுங்கியதில்லை என்று ஊரில் சொல்வார்கள். விளக்குவரை நாலு அடி. அதற்குள் பாதித் தண்ணீர் தரையில் போய்விட்டது.

கல்யாணசுந்தரி சொம்பை வாங்கி, மறுபடி நிறைத்துக்கொண்டு வந்தாள்.