கடித்துப் பார்க்காத நெல்

ஒரு நெல்மணியைப் பல்லில் வைத்துக் கடித்தால் தெரிந்துவிடும். பச்சை நெல் என்றால் உள்ளே வெள்ளையாக, மாவாக உடையும். அவித்துக் காயவைத்த நெல் என்றால் கண்ணாடி போல் இறுகி நிற்கும். வயல் சூழ்ந்த படுவான்கரையில் பிறந்த எனக்கு இதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. இருந்தும் நான் கடித்துப் பார்க்கவில்லை.

காஸ் சிலிண்டருக்கும் பால்மாவுக்கும் சனம் வரிசையில் நின்ற காலம் அது. ஒருநாள் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து, இனி எந்த வரிசையிலும் நிற்கமாட்டேன் என்று கணவரோடு சண்டை பிடித்தேன். சண்டை பிடிக்கும்படி அவர் ஒன்றும் செய்யவில்லை. என் சுபாவம் அப்படி. அதற்குப் பிறகு வளவில் மரவள்ளி நட்டோம், கோழி வளர்த்தோம். வாவி மீனை உப்பிட்டுக் காயவைத்தேன். பலாக்கொட்டையை மணலில் புதைத்தேன். புளியை உப்போடு உருட்டிப் பானையில் அடைத்தேன். ஒரு வருஷத்துக்கு யார் வாசலையும் மிதிக்கமாட்டோம் என்று அக்கம்பக்கத்தில் பெருமையும் அடித்தேன். என் வாய் சும்மா கிடக்காது.

எல்லாவற்றிலும் நெல்தான் உயிர். ஊர் வயல்வெளியான வட்டையில் எங்களுக்கு ஒரேயொரு ஏக்கர். ஆவணி அறுவடையில் இரண்டு நீலப் பிளாஸ்டிக் பரல் நிறைய நெல் மிஞ்சியது. ஒன்றில் சாப்பாட்டுக்கென்று அவித்துக் காயவைத்த நெல். மற்றதில் அவிக்காத விதைநெல், அந்தப் பரலில் சுண்ணாம்பால் பெருக்கல் குறிபோல் புள்ளடி போட்டிருந்தேன். அதை ஐப்பசியில் விதைத்தால்தான் மாசியில் எங்களுக்கு அறுவடை.

பரல்களில் பூச்சி கண்டதும் இரண்டு நெல்லையும் முற்றத்தில் இரண்டு படங்கு விரிப்புகளில் பரப்பினேன். ஒரு நாளைக்கு ஒன்றாகக் காயப்போடச் சொன்னார் அவர்.

“ரெண்டு நாள் மினக்கெட என்னால ஏலா” என்றேன்.

பின்னேரம் திடீரென்று மழை இறங்கியது. அவர் வீட்டில் இல்லை. நானும் மகளும் ஓடியோடி அள்ளி, கைக்கெட்டிய பரல்களில் கொட்டினோம். நெல் நனையாமல் தப்பியதே பெரிய காரியம் என்று அன்று நிம்மதியாக இருந்தேன்.

இரண்டு நாள் கழித்து அவர் புள்ளடி இல்லாத பரலை மில்லுக்குக் கொண்டுபோனார். டீசல் தட்டுப்பாட்டில் மில் எப்போதாவதுதான் ஓடியது. அதனால் முழுவதையும் ஒரேயடியாகக் குத்திக்கொண்டு வந்தார். அந்த அரிசியில் ஆக்கிய முதல் சோறே குழைந்துபோனது, பச்சை அரிசி குழைகிற மாதிரி. அகப்பையைப் பிடித்தபடி நின்றேன். மில்லில் யாருடைய அரிசியோ மாறி வந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“அம்மா, சோறு நல்ல மெதுவா இரிக்கி. இன்னும் போடுங்க” என்றாள் மகள். அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு புள்ளடிப் பரலைத் திறந்து ஒரு மணியை எடுப்பேன். திரும்பவும் உள்ளே போட்டுவிடுவேன். கடித்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் சொல்லவேண்டும். இரண்டையும் ஒரே நாளில் காயப்போட்டது யார் என்று அவர் கேட்கவேமாட்டார்; அதைத்தான் என்னால் தாங்க முடிந்திருக்காது. அம்மனுக்கு நேர்த்திக்கடன் வைத்தேன். அவித்த நெல்லை முளைக்கவை என்று கேட்க வெட்கமாக இருந்தது. மில்லில் மாறியிருக்கட்டும் தாயே என்று மட்டும் கேட்டேன்.

ஐப்பசியில் வட்டை முழுக்க விதைப்பு நடந்தது. அவர் புள்ளடிப் பரலைச் சாக்குகளில் கொட்டி, ஒரு நாள் ஊறவைத்து, வைக்கோலால் மூடினார். அடுத்த நாள் முளை இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் சாக்கை அவிழ்த்தபோது புளித்த வாடைதான் வந்தது.

நான் சாக்கடியில் குந்தியிருந்து அழுதேன். “இஞ்சாருங்க, சோறு குழைஞ்ச அண்டைக்கே எனக்குத் தெரியும். நான்தான் சொல்லல்ல.”

அன்றைக்கே சொல்லியிருந்தால் அவித்த நெல்லைக் கொடுத்து யாரிடமாவது விதைநெல் மாற்றியிருக்கலாம். இப்போது மற்றவர்கள் தங்கள் விதைநெல்லை விதைத்துவிட்டார்கள். மாற்றுவதற்கு எங்களிடம் இருந்ததும் புளித்துக் கிடந்தது.

அவர் ஈரநெல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்கும் தெரியும் புள்ள. வாயில வெச்ச உடனே தெரியும்.”

“மறுகா ஏன் சொல்லல்ல?”

“எவ்வளவு பாடுபட்டுச் சேத்து வெச்சாய். சொன்னா உடைஞ்சிருவாய் எண்டு நினைச்சன். உன்ட வாய்க்கும் பயம்தான்.”

“ஒரு மணிய எடுத்துக் கடிச்சாவது பாத்தீங்களா?”

“இல்ல. நீ?”

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர்மேல் அல்ல.

அந்த நெல்லைத் திரும்பக் காயவைத்துக் குத்திச் சாப்பிட்டோம். எத்தனை தண்ணீரில் கழுவினாலும் வாடை போகவில்லை. அது முடிந்ததும் மரவள்ளி. மாசியில் வட்டையில் அறுவடைக்கு வந்த வெட்டு மெசின் ஓடிய சத்தம் வீடுவரைக்கும் கேட்டது. எங்கள் ஏக்கரில் யாருடைய மாடோ மேய்ந்தது.

அன்று அவித்த மரவள்ளியோடு உட்கார்ந்திருந்த மகள் கேட்டாள். “அம்மா, அந்த மெதுவான சோறு இனி எப்ப?”

இந்தத் தடவை நான் மறைக்கவில்லை. “அது விதைக்க வெச்சிருந்த நெல்லு, மகள். மாறிச் சாப்பிட்டுட்டம்” என்றேன்.

அவள் கையிலிருந்த கிழங்குத் துண்டைத் தட்டில் வைத்தாள்.

“நான்தானேம்மா கூடக் கேட்டுச் சாப்பிட்டன்” என்றாள்.