வெள்ளைச் சுவருக்குள் முப்பத்தெட்டு

ஏழு வருடமாகத் தவசிமுத்துவுக்கு வைகுண்டராஜ் மேல் ஆத்திரம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டுக்கு அவர் பெயிண்ட் அடித்து முடித்த மறுநாள், இந்த மனிதர் ஈரம் பார்க்கும் மீட்டரைச் சுவரில் வைத்துவிட்டு, "ஓதத்த மறைச்சுப் பூசியிருக்காரு" என்று வீட்டுக்காரர் முன்னாலேயே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் தவசிமுத்துவை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

வைகுண்டராஜ் ஒன்றும் பெரிய படிப்பு படித்தவர் இல்லை. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில், நூல் அறுந்துபோகாமல் இருக்கக் காற்றில் ஈரம் ஏற்றும் பிரிவில் பதினெட்டு வருடம் கிடந்தவர். நெஞ்சு கெட்டு வெளியே வந்தபின், வீடு வீடாகப் போய்ச் சுவரையும் காற்றையும் சோதித்துச் சொல்வதே பிழைப்பாயிற்று.

கடைசியில் அவரையே சேத்தூரில் தன் வீட்டுக்குக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது. தவசிமுத்துவின் மகள் முனீஸ்வரி பெற்ற பிள்ளைக்கு இருபத்தோரு நாள். நாலு நாளாக மூச்சு இழுத்தது. "ரூம்ல ஓதம் இருக்கான்னு பாருங்க. இன்னொரு தடவ இழுத்தா அட்மிட் பண்ணணும்" என்றிருந்தார், வீட்டுக்கே வந்து பார்த்த டாக்டர்.

வைகுண்டராஜ் அறை வாசலிலேயே நின்று மோந்தார். ஜன்னல் இடுக்கிலெல்லாம் பழைய சேலை திணித்திருந்தது. ஒட்டியிருந்த குளியலறையில் பச்சை உடம்புக்காரிக்கு இரண்டு வேளையும் வெந்நீர்க் குளியல். ஆவி முழுக்க இந்த அறைக்குள்தான்.

"பீரோவ நகட்டுங்க."

"அது கெடக்கட்டும். போன மாசந்தான் நானே சுவத்துக்குப் புட்டி பூசி பெயிண்ட் அடிச்சேன்."

"நீங்க அடிச்சதுனாலதான் நகட்டச் சொல்லுதேன்."

கட்டிலில் பிள்ளையின் விலா ஒடுங்கி விரிந்தது. தவசிமுத்துவின் மனைவி குருவம்மாள் சீறினாள். "ஒங்க ரோசத்த அங்கிட்டு வையுங்க. பேரன் இழுக்கான்!"

நகட்டினார்கள். சுவர் வெள்ளையாகத்தான் இருந்தது. மீட்டர் முப்பத்தெட்டு காட்டியது.

"இருபதத் தாண்டுனாலே வம்பு."

வைகுண்டராஜ் ஒரு ஈரத்துணியைச் சுவரில் ஒற்றி, ஓரத்தில் நகத்தால் மெல்லக் கீறினார். பெயிண்ட் தோலாக உரிந்தது. அடியில் கன்னங்கரேலென்று பூஞ்சை. போன மாதம் அதைப் பார்த்துவிட்டுத்தான் தவசிமுத்து மேலே புட்டி வைத்தார். மகள் வந்து படுக்கிற அறை பளிச்சென்று இருக்கட்டுமே என்று.

அவர் பாய்ந்துபோய்ச் சுரண்டியை எடுத்துவந்தார். "இப்பவே அம்புட்டையும் சுரண்டிப் போடுதேன்!"

வைகுண்டராஜ் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "யோவ், கீழ போடும்! பொடி பறந்தா நேரே அந்த நெஞ்சுக்குள்ளதான் போவும். மொதல்ல பிள்ளைய இந்த ரூம விட்டு எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோணும்."

"முப்பது நாள் கழியாம பிள்ளைய வெளிய கொண்டாறக் கூடாது" என்று குருவம்மாள் கட்டிலை மறித்து நின்றாள். "வாடக் காத்துப் பட்டுரும்."

வைகுண்டராஜுக்கு இருமல் முட்டியது. அது அடங்கியபின், தவசிமுத்துவின் கையை விடாமலே சொன்னார். "நான் சொன்னா அவிய கேக்க மாட்டாவ. நீரே பேரனத் தூக்கும்."