ஐந்தாம் கல்லறையில் கணக்கு இடிக்கிறது

போன மாதம் ஒரு காரியம் செய்தேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. இருபது வருஷத்துக்கு முன்பு வந்த ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைத் தயாரித்த நிறுவனத்துக்கு நீண்ட மின்னஞ்சல் ஒன்று எழுதினேன். ஐந்தாம் கல்லறையில் கிடக்கும் இளவரசன் தன் தகப்பனைக் கொன்றவன் என்றால், அவனுடைய கல்லறை தகப்பனுடையதைவிட நானூறு வருஷம் பழையதாக இருப்பது எப்படி என்று அதில் கேட்டிருந்தேன். பணிவாகத்தான் கேட்டேன். நடுவில் ஒரு பத்தியில் மட்டும் கொஞ்சம் கோபம் வந்துவிட்டது. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற, முன்மண்டை முழுக்கத் தெரிய ஆரம்பித்துவிட்ட ஒரு மனிதன் செய்கிற வேலையா இது என்று அனுப்பும்போதே தோன்றியது. அனுப்பிய மறு நிமிஷம் அது திரும்பி வந்துவிட்டது. அப்படி ஒரு முகவரியே இல்லையாம். நிறுவனம் செத்துப் பல வருஷம் ஆகிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். எந்த வருஷம் என்பதில் இரண்டு இணையதளங்கள் இரண்டு விதமாகச் சொல்கின்றன.

இந்தக் கிறுக்கை எனக்குக் கொடுத்தவர் சித்தப்பா. அப்பாவின் தம்பி. மார்த்தாண்டம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, சபைத் திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி எல்லாம் அங்கே தயாராகும். இரண்டு கம்ப்யூட்டர்கள் உண்டு. ஒன்று தொழிலுக்கு. மற்றது தொழில் நடக்காத நேரத்துக்கு. இரண்டாவதுதான் அதிகம் உழைத்தது.

நான் ஒன்பதாம் வகுப்புப் படித்த வருஷம், இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, திருவனந்தபுரத்து நடைபாதையில் அவர் அந்த சி.டி.யை வாங்கி வந்தார். மேலே மார்க்கர் பேனாவால் அவரே 'ஸ்பேஸ் கல்லறை' என்று எழுதி வைத்தார். உண்மையான பெயர் எனக்கு வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. அது இந்த அளவுக்கு நன்றாக இல்லை.

விண்கலத்தில் வந்து இறங்குகிறவனின் இடுப்பில் வாள் தொங்கும். துப்பாக்கிக்கு மந்திரம் சொல்லிக் குண்டு நிரப்ப வேண்டும். சிவந்த மணல் நிறைந்த ஒரு கிரகம். அதில் பழங்கால அரச வம்சம் ஒன்றின் கல்லறைகள். ஒவ்வொரு கல்லறையின் வாசலிலும் ஒரு கல்வெட்டு. யார், எப்போது, எப்படிச் செத்தார் என்று ஆங்கிலத்தில் இருக்கும். பள்ளிக்கூட அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நான் அவற்றைப் படிப்பேன். சித்தப்பாவுக்குப் படிப்பதில் நாட்டமில்லை, சுட வேண்டும். எங்களுக்குள் இருந்த ஒரே கருத்து வேறுபாடு இதுதான்.

“எலே, அவன் என்னைக்குச் செத்தா உனக்கென்ன? வாசல்ல ஒருத்தன் நிக்குதான் பாரு. முதல்ல அவனக் கவனி.”

“இல்ல சித்தப்பா, கணக்கு இடிக்குது. மவன் முந்தியே செத்துட்டான். பொறவு எப்படி அப்பனக் கொன்னான்?”

“அப்பன் அவ்வளவு மோசமா இருந்திருப்பான். செத்தவன் எழும்பி வந்து கொன்னிருப்பான். நீ தள்ளு.”

கதையை எழுதியவர்கள் கவனக்குறைவாக இருந்திருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு அப்போது வரவே இல்லை. இத்தனை பெரிய கல்லில் இத்தனை அழகாகச் செதுக்கி வைத்தவன் தப்பாகச் செதுக்குவானா? ஆகவே ஒரு கொள்கை வகுத்தேன். அந்த வம்சத்தார் செத்தால் செத்ததாகாது. பனிப்பெட்டிக்குள் நூற்றாண்டுக் கணக்கில் உறைந்து தூங்குவார்கள், பிறகு எழுந்து வந்து மீதி வாழ்க்கையை வாழ்வார்கள். கல்லில் இருப்பது தூங்கப்போன தேதி. இதைச் சாப்பாட்டு வேளையில் வீட்டார் எல்லோருக்கும் விளக்கினேன். பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டு, பாதி நேரம் எங்கள் வீட்டிலேயே இருந்த அத்தை மட்டும் கவனமாகக் கேட்டுவிட்டு, “அரைப் பரீட்ச வரைக்கும் நீயும் அப்பிடித்தான் ஒறஞ்சு கெடக்கப்போறியா மக்கா?” என்று கேட்டாள்.

இதன் விளைவாக எனக்கு ஒரு வியாதி பிடித்தது. எந்தக் கல்லறையைப் பார்த்தாலும் தேதிகளைப் படித்துக் கழித்துப் பார்க்காமல் தாண்ட முடியாது.

அந்தச் சமயத்தில்தான் சித்தப்பாவுக்கு அருமனையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. முப்பத்திரண்டு வயதாகியும் அவருக்குக் கல்யாணம் கூடி வரவில்லை. டி.டி.பி. என்றால் என்ன வேலை என்று பெண் வீட்டார் கேட்பார்கள். விளக்கியதும் எழுந்து போய்விடுவார்கள். இந்தப் பெண் பள்ளி ஆசிரியை. சித்தப்பா ஒரே ஒரு தரம் பார்த்திருந்தார். அதன் பிறகு இரண்டாவது கம்ப்யூட்டரை அவர் தொடவே இல்லை. நான் போனால், “வீட்டுக்குப் போய்ப் படிலே” என்று விரட்டினார். விஷயம் முற்றிவிட்டது என்று எனக்கே புரிந்தது.

பெண்ணின் தகப்பனார் ரப்பர்த் தோட்டக்காரர். அவருக்கு ஒரு சொந்தக் கண்டுபிடிப்பு இருந்தது. பெண் கொடுக்கப்போகும் குடும்பத்தின் வீட்டைப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை, கல்லறையைப் பார்க்க வேண்டும் என்பார். “வீட்ட ஆளு வருவாங்கன்னு தூத்து வெச்சிருப்பாங்க. செத்தவங்கள எப்பிடி வெச்சிருக்காங்கன்னு பாத்தாத்தான் உள்ளது தெரியும்.” மூத்த மகளுக்கு வந்த ஒரு வரனை, கல்லறையில் எருக்கஞ்செடி முளைத்திருந்தது என்பதற்காக அவர் தட்டிக்கழித்தாராம். ஆனால் அவர் எங்கள் ஊருக்கு வரத் தேர்ந்தெடுத்த நாள் நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள். அன்று எருக்கஞ்செடி எந்தக் கல்லறையிலும் இருக்காது. ஊரே சேர்ந்து பிடுங்கி, வெள்ளையடித்து, பூப் போட்டு வைத்திருக்கும். அவருடைய கண்டுபிடிப்பில் இருந்த இந்த ஓட்டையை எங்கள் வீட்டில் யாரும் அவருக்குச் சுட்டிக்காட்டவில்லை.

சாயங்காலம். மழை வரலாமா வேண்டாமா என்று மேற்கே யோசித்துக்கொண்டிருந்தது. கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்தில் வரிசையாக மெழுகுவர்த்திகள். பங்குச் சாமியார் ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துக்கொண்டு அந்தக் கடைசியிலிருந்து வந்துகொண்டிருந்தார். எங்கள் குடும்பக் கல்லறையின் தலைமாட்டில் அப்பா குத்தவைத்து உட்கார்ந்து, கல்லில் செதுக்கிய எழுத்துகளுக்குள் கறுப்புப் பெயிண்ட் நிரப்பிக்கொண்டிருந்தார். ஹார்டுவேர்க் கடைக்காரர். வருஷாவருஷம் இந்த வேலையை அவர் வேறு யாரிடமும் விட மாட்டார். பூட்டன், பூட்டி, ஆச்சி, தாத்தா என்று நான்கு பேருக்கும் பிசிறில்லாமல் அடிப்பார்.

பெண்ணின் அப்பா வந்தார். கல்லறையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். முகத்தில் திருப்தி. சித்தப்பா புதுச் சட்டையில், மடிப்புக் கலையாமலிருக்க மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு நின்றார். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம். பெண்ணின் அப்பா பேச்சுக்கு என்னைப் பிடித்தார்.

“மோன் என்ன படிக்கான்?”

“ஒம்பது. கணக்குல புலியாக்கும்,” என்றாள் அத்தை. இது பொய். ஆனால் அந்தப் பொய் எனக்குள் எதையோ கிளப்பிவிட்டது.

“அப்பிடியா? சரி. இதுல தாத்தா பேரு ஏது? வாசி பாப்பம்.”

வாசித்தேன். பெயர், பிறப்பு, இறப்பு. வழக்கம்போலக் கழித்தேன். அதற்குச் சற்று முன்னால்தான் மாப்பிள்ளையின் வயதைப் பற்றிப் பேச்சு நடந்திருந்தது. அதையும் கழித்தேன். இத்தனை வருஷம் இதே கல்லின் முன்னால் நின்றும் தோன்றாத ஒன்று பளிச்சென்று தோன்றியது. சந்தோஷத்தில் என் குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது.

“தாத்தா செத்து மூணு வருஷம் கழிச்சில்லா சித்தப்பா பொறந்திருக்காவ!”

பக்கத்துக் கல்லறையில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் ஒரு மணியில் நின்றார்கள்.

முதலில் சுதாரித்தது அத்தை. “கல்லு கொத்துனவன் குடிச்சிட்டுக் கொத்திட்டான். அவன் எப்பவும் அப்பிடித்தான்.”

பெண்ணின் அப்பா குனிந்து பார்த்தார். பிறகு அப்பாவின் கையில் இருந்த பிரஷைப் பார்த்தார். “கொத்துனவன் குடிச்சிருந்தான், சரி. நீங்க வருசாவருசம் அதுக்கு மேல பெயிண்டு அடிக்கியளே?” அவர் குரலை உயர்த்தவில்லை. “நான் ஒண்ணும் தப்பா விசாரிக்கல்ல. உள்ளத பறஞ்சாப் போதும். எனக்கது கேட்டுட்டுப் போணும்.”

நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரம் மடிப்புக் கலையாமல் காத்த சட்டையின் நுனியைக் கை கசக்கிக்கொண்டிருந்தது. உதவி செய்யலாம் என்று, “ஒரு வேள தாத்தா ஒறஞ்சு…” என்று ஆரம்பித்தேன். அத்தை என் தொடையில் கிள்ளினாள். அந்த இடம் ஒரு வாரம் நீலமாக இருந்தது.

அப்பா எழுந்திருக்கவில்லை. கல்லைப் பார்த்தபடியே சொன்னார்.

“கொத்துனவன் தப்பில்ல. நான் குடுத்த தேதிதான். பம்பாயிலருந்து லாஞ்சுல பெர்சியாவுக்கு வேல தேடிப் போனாவ. லாஞ்சு முங்கிப்போச்சுன்னு சேதி வந்துது. பூச வெச்சோம். ஒடம்பு இல்ல, அதனால பேர மட்டும் இதுல கொத்திப் போட்டோம். எனக்குப் பதினாலு வயசு. மறு மாசமே கீரிப்பாறைக்கு ரப்பர் வெட்டப் போயிட்டேன்.”

“பின்ன?”

“பின்ன ரெண்டு வருசம் கழிச்சு ஒருநா பஸ்ஸு விட்டு எறங்கி நடந்து வந்தாவ. வேற தோணிக்காரன் காப்பாத்தி ஏதோ தொறமொகத்துல எறக்கிவிட்டிருக்கான். பாசுபோர்ட்டு இல்லன்னு ஜெயில்ல போட்டுட்டாவ. அதுக்குப் பொறவு பொறந்தவன்தான் இவன். ஊருல உள்ளவங்க அத்தன பேருக்கும் தெரியும், கேட்டுக்கிடுங்க.” ஜெபமாலைக்காரர்களில் ஒரு கிழவர் தலையை ஆட்டினார். “எட்டு வருசம் இவன்கூட இருந்தாவ. காய்ச்சல்ல செத்தாவ. இதுலதான் அடக்குனோம். பேரு ஏற்கெனவே இருந்துது.”

“தேதிய மாத்தலியே?”

மேற்கே லேசாக இடித்தது. சாமியார் நாலு கல்லறை தள்ளி நின்றார். பெண்ணின் அப்பா காத்திருந்தார். கேட்டதற்குப் பதில் வராமல் அவர் நகர்கிற ஆளில்லை.

அப்பா பிரஷை டப்பாவில் முக்கினார். வருஷாவருஷம் அழகாக நிரப்பிய அந்த இறப்புத் தேதியின் மேல் குறுக்கே ஒரே இழுப்பாகக் கறுப்பை இழுத்தார். பிறகு, திரும்பாமலே, “எலே, என்னைக்குன்னு சொல்லு” என்றார்.

சித்தப்பா புதுச் சட்டையோடு அவர் பக்கத்தில் குத்தவைத்தார். “ஆகஸ்ட்டு பதினாலு. நான் மூணாங்கிளாஸு. மறுநாளு ஸ்கூல்ல கொடியேத்து இருந்துது, முட்டாயி குடுப்பாவ. நான் போவல்ல. எனக்கு நல்ல ஓர்மயிருக்கு அண்ணே.”

செதுக்காத வெற்றுக் கல்லில் அப்பா அந்தத் தேதியைப் பிரஷால் எழுதினார். வருஷத்தையும் சித்தப்பாதான் சொன்னார். எட்டு என்ற எண்ணின் அடிவட்டம் வழிந்து கீழே இறங்கியது. பெண்ணின் அப்பா தன் கைக்குட்டையால் அதைத் துடைக்கப்போய் இன்னும் அசிங்கமாக்கினார். பிறகு அந்தக் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “தை மாசம் வெச்சுக்கலாம், என்ன?” என்றார். சாமியார் வந்தார். ஈரப் பெயிண்டின் மேல் தீர்த்தம் தெளித்தார்.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குத் தலைகால் புரியவில்லை. விளையாட்டில் தீர்க்க முடியாத புதிரைச் சொந்தக் கல்லறையில் தீர்த்துவிட்டேன் அல்லவா? அப்பாவைப் பற்றி ஒரு குறைதான் இருந்தது. பெற்ற தகப்பன் செத்த தேதியைத் தம்பியிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறாரே, இவ்வளவு மறதியா என்று நினைத்தேன்.

அத்தை வெகுகாலம் கழித்து ஒருநாள் சொன்னாள். திரும்பி வந்த தாத்தாவை அப்பா ஒருதடவைகூட ‘அப்பா’ என்று கூப்பிடவில்லையாம். ‘அவரு சாப்பிட்டாரா’, ‘அவருகிட்டச் சொல்லு’ என்பதோடு சரி. எஸ்டேட் வேலையை விட்டுப் பள்ளிக்கூடம் போகச் சொல்லித் தாத்தா கெஞ்சியிருக்கிறார். போகவில்லை. பதினாலு வயதில் ஒரு பையன் அழுது முடித்து, கல்லில் தேதியும் கொத்தி, தலைச்சுமையைத் தூக்கிக்கொண்ட பிறகு, ஒருவர் சாவகாசமாக பஸ்ஸை விட்டு இறங்கி வந்தால் அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அப்பாவுக்குத் தாத்தா அந்தக் கல்லில் இருந்த தேதியிலேயே செத்துவிட்டார். சித்தப்பாவுக்கு அதற்குப் பல வருஷங்கள் கழித்து, சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் செத்தார். ஒரே மனிதர், இரண்டு மகன்கள், இரண்டு மரணங்கள். இரண்டு தேதிகளும் சரியானவையே. அன்று சாயங்காலம் அப்பா தம்பிக்காக விட்டுக்கொடுத்தது என்ன என்பது, பக்கத்திலேயே நின்றும் எனக்குத் தெரியவில்லை. அதற்குக் கழித்தல் கணக்குப் போதாது.

இப்படியெல்லாம் கோத்து, போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவிடமே சொல்லிப் பார்த்தேன். சற்று நா தழுதழுக்கவும் செய்தது. எழுத்தாளனாக இருப்பதில் உள்ள கஷ்டம், சொந்தப் பேச்சுக்குத் தானே உருகிவிடுவது. அப்பா முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல மக்கா,” என்றார். “டப்பாவுல பெயிண்டு கொஞ்சம் மிச்சம் கெடந்துது. மூடியக் காணல்ல. காஞ்சு போவுமேன்னு எழுதுனேன்.”