கன்னிக் கோபுர வாசலில் வடை வைத்த அக்கா

இந்த வருடம், 2009 ஏப்ரலில், நான் ஒஸ்லோவுக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. நகரின் புறத்தே எல்லிங்ஸ்ருட்டில் இருக்கும் என் அக்காவின் ஒரே மகன் வன்னியில் சண்டைக்குள் அகப்பட்டிருந்தான். கல்யாணம் கட்டி அங்கேயே இருந்துவிட்டவன். மாசியில் ஒருநாள் போனில் கதைத்தான், அதற்குப் பிறகு சத்தமே இல்லை. அக்கா சாப்பாட்டை விட்டுவிட்டு டெலிபோனுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறாள் என்று அத்தான் சொன்னார். நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்டில் நான் வேலை செய்யும் மீன் தொழிற்சாலையில் லீவு கேட்டு, விமானம் மாறி மாறி வந்து சேர்ந்தேன். சின்ன விமானம், பெரிய குலுக்கல். அதைப் பற்றி வேறொன்றும் எழுத இல்லை.

வந்த மூன்றாம் நாள் அக்காவை வலுக்கட்டாயமாக வெளியே இழுத்துப் போனேன். தம்பி வந்திருக்கிறான் என்று அன்று காலையில் உளுந்து வடை சுட்டிருந்தாள். அதைக் கட்டி எடுத்துக்கொண்டோம். எல்லிங்ஸ்ருட்டில் தெபானே என்கிற சுரங்க ரயில் ஏறினால் நகர மையத்துக்கு ஏறக்குறைய இருபத்தைந்து நிமிடம். இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் ஆகர்ஷூஸ் கோட்டை. வளாகத்துக்குள் போகக் காசு இல்லை.

எழுநூறு வருடத்துப் பழைய கோட்டை. எத்தனையோ முற்றுகைகளைப் பார்த்தது, ஒருமுறையும் சண்டையில் விழவில்லையாம். இங்கே வோகெஹால்ஸ் என்று ஒரு பெரிய காவல் கோபுரம் இருந்தது. ‘துணிச்சல்காரன்’ என்று அர்த்தம். எதிரியால் அதை அசைக்க முடியவில்லை, வானத்திலிருந்து விழுந்த இடிதான் முடித்தது. இன்று கொஞ்சம் கல்தான் மிச்சம். பார்த்ததும் மனம் விட்டுப்போனது. இவ்வளவு தடித்த சுவருக்கே இந்தக் கதி.

கன்னிக் கோபுரம் இன்னும் நிற்கிறது. அதன் வாசலில் வழிகாட்டிப் பெண் ஒருத்தி ஆட்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரு பழங்கதை சொன்னாள். அக்காவுக்குத் தெரிந்த நோர்ஸ்க் மொழி கடைக்குப் போய்வரக் காணும், கதை கேட்கக் காணாது. ஆகவே நான் தமிழில் சொன்னேன்: கோட்டையைக் காக்கவென்று ஒரு நாயை இந்த வாசலில் உயிரோடு புதைத்தார்களாம். மல்கானிசன் என்று பெயர். இன்றைக்கும் இரவில் காவல் நிற்கிறதாம். கதையின் மிச்சத்தை நான் சொல்லவில்லை.

அக்கா வடைப் பொட்டலத்தை அவிழ்த்தாள்.

“என்னக்கா, இஞ்சை வைச்சே சாப்பிடப் போறாய்?”

“காவல் நிக்கிற நாயெண்டால் ஆரடா? எங்கடை வைரவர் எல்லோ!”

யாழ்ப்பாணத்தில் ஊர்க்காவலுக்கு வைரவர், அவருக்கு வாகனம் நாய், நேர்த்திக்கு வடைமாலை. மாலை கோக்க நூல் இல்லாததால், வடைகளைச் சுவரோரம் வரிசையாக வைத்துக் கும்பிட்டாள். “என்ரை பிள்ளையைக் காப்பாத்தித் தா, வைரவா.” சுற்றி நின்றவர்கள் படம் எடுத்தார்கள். எரிச்சலாக வந்தது.

வழிகாட்டி நல்ல மனத்தோடுதான் கிட்டே வந்தாள். “அந்த நாயைக் கூப்பிட வேண்டாம் அம்மா” என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். “அது யாரிடம் வருகிறதோ, அவர் மூன்று மாதத்துக்குள் செத்துப்போவார்.”

இது அக்காவுக்கு விளங்கிவிட்டது. நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் உதறிவிட்டுத் திரும்பவும் வாசலைப் பார்த்துக் கும்பிட்டாள்.

“அப்ப என்னட்டை வா. அவனை விட்டிட்டு என்னட்டை வா.”

அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

போகிறவர்களுக்கு: காலையிலேயே போங்கள், கூட்டம் குறைவு. கல் பாவிய மேட்டுப் பாதை, நல்ல சப்பாத்து வேண்டும். ஏப்ரலிலும் கடற்காற்று குத்தும். மனம் உடைந்த யாரையும் ஆறுதலுக்கென்று அங்கே கூட்டிப் போகாதீர்கள். பழைய கோபுரத்தில் ஆறுதல் ஒன்றும் இல்லை.

இப்போது ஓகஸ்ட். சண்டை முடிந்துவிட்டது என்கிறார்கள். முகாம்களிலும் அவனைக் கண்டவர் யாருமில்லை. நேற்றுப் போனில் அக்காவிடம் சாப்பிட்டாளா என்று கேட்டேன். அவள் சொன்னாள்:

“மூண்டு மாசம் தாண்டியிட்டுது, தம்பி. நான் இன்னும் இருக்கிறனடா.”